கனடாப் பயணம் – 5: தண்ணீருக்கு ஒரு வழி

டொரன்டோவை விட்டு வடகிழக்கே இரண்டு மணி நேர ஓட்டம். அதில் சொல்ல எதுவும் இல்லை. பால்சம் ஏரி நெருங்கியதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மரங்களுக்கு நடுவே நீலம் ஒரு கீற்றாகத் தெரியும், உடனே ஒரு வீடு வந்து மறைக்கும். மறுபடி கீற்று, மறுபடி வீடு. வாசலுக்கு வாசல் ‘தனியார் இடம், நுழையாதீர்’ என்று பலகை. நகரத்துக்காரர்கள் கோடையைக் கழிக்கக் கட்டிய காட்டேஜ்கள்தான் இந்தக் கவார்த்தா ஏரிகளைச் சுற்றிலும்.

ஏரி சாதாரணமானதல்ல. ஒன்டாரியோ ஏரியிலிருந்து ஜார்ஜியன் விரிகுடா வரை 386 கி.மீ. நீளும் டிரென்ட்–செவர்ன் நீர்வழியின் உச்சி இதுதான். கடல் மட்டத்துக்கு மேல் 256 மீட்டர். 1920இல் வழி முழுவதும் திறந்தாயிற்று. படகு வைத்திருப்பவர் இங்கிருந்து இரண்டு பக்கமும் இறங்கிப் போகலாம். படகும் இல்லாமல் காட்டேஜும் இல்லாமல் வருகிறவர் காலை நனைக்க எங்கே போவார்?

“ரோடு முடியுற இடம் ஒண்ணு மேப்ல இருக்கு பெரியப்பா” என்றான் தம்பி மகன். கார் கூரையில், துடுப்பு போட்டுப் போகும் வாடகைக் கனூ. அதைக் கொடுத்த கடைக்காரர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், மிதக்கும் கயிறு 15 மீட்டர், தண்ணீர் இறைக்க ஒரு குவளை, ஒரு விசில் இவ்வளவும் கனூவில் இருந்தாக வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். பேசிய வாடகைக்குள் அது அடக்கம் என்று சொன்னவர், புறப்படும் நேரத்தில் கயிற்றுக்கும் விசிலுக்கும் தனிக் காசு வாங்கிக்கொண்டார்.

சாலை தேய்ந்து, புல்லாகி, நேரே தண்ணீரில் போய் முடிந்தது. கனூவின் கட்டை அவிழ்க்கும்போதே பக்கத்துக் காட்டேஜிலிருந்து ஒருவர் வந்துவிட்டார். “இங்கே இறக்கக் கூடாது. இது என் இடம்.” தம்பி மகன் போனில் வரைபடத்தைக் காட்டினான். அவர் பார்க்கவில்லை. “போலீஸைக் கூப்பிடவா?” என்றார். என் மருமகள் அதற்குள் கயிற்றை மறுபடி கட்டத் தொடங்கிவிட்டாள்.

அப்போது தூண்டில் கோலோடு நடந்து வந்தார் ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். குரலை உயர்த்தவே இல்லை. “இது சாலை. 66 அடி அகலம். தண்ணீர் வரைக்கும் சாலைதான். என் அப்பா காலத்திலிருந்து இதில்தான் வருகிறேன்” என்றார். எங்களைப் பார்த்து, “இறக்குங்கள்” என்றார்.

அந்த 66 அடிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆங்கிலேய நில அளவையாளர்கள் இந்தக் காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்தபோது சாலைகளுக்கென்று ஒரு கன்டர் சங்கிலி அகலம் விட்டார்கள். நம் ஊர்ப் பழைய நில அளவைப் படங்களில் லிங்க்ஸ் கணக்கு வருகிறதே, அதே சங்கிலிதான். கோடு போட்ட சாலை ஏரியில் போய் முட்டினால் ஊராருக்கு ஒரு துறை கிடைத்தது. பல ஏரிகளில் கரையோரமாகவும் அதே அகலம் விட்டிருந்தார்கள்; அதில் எத்தனையோ துண்டுகளை உள்ளாட்சிகள் பின்னாளில் காட்டேஜ்காரர்களுக்கே விற்றுவிட்டன. இவர்கள் எல்லோருக்கும் முன்பே இங்கே மீன் பிடித்த மிசிசாகா, சிப்பெவா பூர்வகுடி மக்களின் கதை இன்னும் கொடியது. 1923இல் போட்ட வில்லியம்ஸ் ஒப்பந்தங்களைக் காட்டி, வேட்டையும் மீன்பிடியும் அவர்கள் உரிமையல்ல என்று அரசுகள் பல்லாண்டு சாதித்தன. 2018இல்தான் உரிமையை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டன.

காட்டேஜ்காரர் திரும்பிப் போகும்போது, “குப்பை போடாமலாவது போங்கள்” என்றார். குனிந்து பார்த்தேன். புல்லுக்குள் பீர் டப்பா, நாணலில் சிக்கிய தூண்டில் நரம்பு, அதன் முனையில் துருப்பிடித்த முள். அவருடைய கோபத்தில் பாதி நியாயமானது. பொதுவழியை மூடச் சொல்கிறவர்களுக்குக் காரணத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இப்படிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான்.

பெரியவரும் நாங்கள் தங்கிய அதே மாகாணப் பூங்காவில்தான் தங்கியிருந்தார். அங்கே கூடாரம் போட இடம் பிடிப்பது லேசல்ல. ஐந்து மாதம் முன்பே, காலை ஏழு மணிக்குப் பதிவு திறந்ததும் தம்பி மகன் கணினி முன் உட்கார்ந்து பிடித்தானாம். ஓர் இடத்தில் ஆறு பேருக்கு மேல் கூடாது. கழிப்பறை நம் ஊர் நல்ல ஹோட்டலைவிடச் சுத்தம்.

மாலையில் எங்களிடம் மூன்று ஸ்மால்மவுத் பாஸ் மீன்கள் இருந்தன. ஜூன் மூன்றாம் சனிக்கிழமை முதல்தான் அதைப் பிடிக்கலாம். நாங்கள் போனது ஜூலை. எனக்கு ஒரு நாள் உரிமம் எடுத்திருந்தோம். பெரியவர் மெல்லிய கத்தியோடு வந்து உட்கார்ந்தார். செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு. கத்தி நடுமுள்ளைத் தடவிக்கொண்டே வால்வரை போனது. விலா முள்ளைச் சீவினார். தோலை உரித்துவிட்டுச் சதையில் ஒரு சிறு திட்டுத் தோலை மட்டும் விட்டார். “வீட்டுக்குக் கொண்டுபோனால் இது இருக்க வேண்டும். என்ன மீன் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டுமே.”

தலைகளையும் முள்ளையும் அவர் ஒதுக்கியதும் மருமகள் பாய்ந்து எடுத்துக்கொண்டாள். துண்டங்கள் மிளகாய்த் தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை பூசி இரும்புச் சட்டிக்குப் போயின. தலைகள் புளிக்குழம்புக்கு. பெரியவர் முதலில் தயங்கினார். பிறகு மீன் கன்னத்துச் சதையை விரலால் நெம்பி எடுத்துச் சாப்பிட்டார், கண்ணில் நீர் வழிய, தண்ணீர் கேட்காமல். மறு சோறும் வாங்கினார். இந்தப் பயணத்தில் நான் உட்கார்ந்த விருந்துகளில் இதற்கு ஈடில்லை.

அப்புறம் கொசுவும் மழையும். அதை எழுதி என்ன ஆகப்போகிறது.

கிளம்பும் நாள் பூங்காப் படகுத்துறையில் அவரைப் பார்த்தோம். அலுமினியப் படகை டிரெய்லரில் ஏற்றியவுடன் அடி அடைப்பானைப் பிடுங்கினார். தண்ணீர் கொட்டி முடியும் வரை நின்று, டிரெய்லர் அச்சில் சுற்றிய பாசியை இழை இழையாகப் பிய்த்துக் கரைமேட்டில் தள்ளிப் போட்டார். ஒரு நீரில் ஒட்டிய ஜீப்ரா மஸ்ஸல் சிப்பியோ களையோ அடுத்த நீருக்குப் போய்விடக் கூடாது. 2022 முதல் இது மாகாணச் சட்டமும்கூட. தம்பி மகனும் கனூவைக் கவிழ்த்துத் துணியால் துடைத்தான்.

அடுத்து கர்க்ஃபீல்ட் போகலாம் என்கிறான். படகைத் தொட்டியோடு 15 மீட்டர் தூக்கும் பழைய நீர்ப்பூட்டு அங்கே இருக்கிறது, 1907இல் திறந்தது. ஈரத் துணியெல்லாம் காரில் நாறுகிறது. எனக்கு அவ்வளவு ஆவல் இல்லை, ஆனாலும் போகிறோம்.