ஐம்பது வெள்ளித் தாளில் ஒரு மரம்

ஒரு நாட்டின் பணத்தாள், அந்நாடு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட வரலாற்றுச் சுருக்கமாகும். ஆயினும் சின்னத்தை அச்சிடுவதால் மட்டும் மதிப்பு வந்துவிடுவதில்லை. ஜப்பானியர் இந்நாட்டை ஆண்டபோது வெளியிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் குலை தள்ளி நின்றது. 1945-இல் அவர்கள் சரணடைந்ததும் அது வெறுங் காகிதமாயிற்று.

நமது ஐம்பது வெள்ளித் தாளின் முகப்பில் முதல் மாமன்னரின் திருவுருவமும் தேசிய மலராகிய செம்பருத்தியும் விளங்குகின்றன. பின்புறத்தில் சுதந்திரத் தந்தை துங்குவும் செம்பனை மரங்களும் உள்ளன. செம்பனை இம்மண்ணில் தோன்றியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1917-இல் சிலாங்கூரில் வணிகப் பயிராக வேரூன்றி, இன்று நாட்டின் அடையாளமாகவே உயர்ந்துவிட்டது.

ஜொகூர்த் தோட்டப்புறத்தில் வளர்ந்தவனாதலால், அத்தாளில் மரத்தை மட்டும் காண என்னால் இயலவில்லை. குலை அறுத்த தந்தையரையும், உதிரிப் பழம் பொறுக்கிய தாய்மாரையும் சேர்த்தே காண்கிறேன். அவர்தம் முன்னோரும் கடல் கடந்து வந்து இங்கே வேரூன்றியவர்களே. அவர்கள் முகம் தாளில் இல்லை. அவர்கள் வியர்வையோ அதன் மதிப்பில் கலந்திருக்கிறது.

இதனை நம் மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன். மரத்தை நட்டு வளர்த்த கைகளை அறிந்த பிள்ளை, இந்நாட்டை ‘என் நாடு’ என்று தயக்கமின்றிச் சொல்லும்.