தொலையாத புத்தகங்கள்

"நூலகர்களுக்குமா மகாநாடு? அங்கே கூடி என்னதான் பேசுவீர்கள்?" என்று அயலகத்து அம்மையார் ஒருவர் என்னைக் கேட்டதுண்டு. நேயர்களுள் சிலருக்கும் இவ்வையம் எழலாம். நாங்களும் பேசுவோம். சில வேளைகளில் அளவுக்கு மிஞ்சியே பேசுவோம்.

யட்டியாந்தோட்டைக்கு அப்பால், இறப்பர் மரங்களுக்கு நடுவே அமைந்த ஒரு தோட்டப் பாடசாலையில் நான் பல்லாண்டுகள் ஆசிரியையாகவும் நூலகப் பொறுப்பாளராகவும் கடமை புரிந்தேன். நூலகம் என்பது பெயரளவில்தான். ஓர் அறை, மூன்று அலுமாரிகள், மூன்று பூட்டுகள், ஏறத்தாழ அறுநூறு புத்தகங்கள். பூட்டுகளின் திறவுகோல்கள் என் இடுப்பிலேயே இருக்கும். ஆண்டிறுதியில் பொருட் கணக்கெடுக்க வருவோர், "ஒன்றுகூடக் குறையவில்லையே!" என்று வியந்து செல்வர். எனக்கு அது பெரும் பெருமை.

2003 ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற நூலகர் மகாநாடு ஒன்றுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டிற்று. விடியுமுன் தோட்டத்திலிருந்து இறங்கி, ஹற்றன் பக்கமிருந்து வந்த பேருந்தில் ஏறினேன். முன்னொரு காலத்தில் யட்டியாந்தோட்டை வரையில் களனிப் பள்ளத்தாக்குச் சிறு இரயில் ஓடியதாம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அப்பாதையை மூடிவிட்டார்கள். ஓடியிருந்தால் அன்று என் சேலை இவ்வளவு கசங்கியிராது.

மண்டபத்தில் கணினிப் பட்டியல்களைப் பற்றியே உபந்நியாசங்கள் நிகழ்ந்தன. எங்கள் பாடசாலையிலோ மழை வந்தால் மின்விளக்கே அணைந்துவிடும். ஆயினும் தூயி பகுப்புமுறை பற்றிய விவாதத்தை மிக ஆவலுடன் கேட்டேன். 1876 இல் அமெரிக்கர் ஒருவர் வகுத்த அம்முறையில், சமயத்துக்குரிய இருநூறாம் வரிசையின் பெரும்பகுதியைக் கிறிஸ்தவமே பெற்றிருக்க, ஈராயிரம் ஆண்டுத் தமிழிலக்கியம் முழுவதும் 894.811 என்னும் ஒரு சிறு மூலையில் ஒதுங்கி நிற்கிறது. தேயிலைக்கு 633.72 என்று தனி எண் உண்டு. அதைப் பறிக்கும் பெண்களின் கதைக்கு எந்த எண் இடுவது என்று கேட்க எண்ணினேன்; என் ஆங்கிலம் துணை நிற்கவில்லை.

தேநீர் இடைவேளையில் ஒரு முதியவர் என்னருகே வந்தமர்ந்தார். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இளமையில் பணியாற்றியவராம். ஏ-9 பாதை முந்திய ஆண்டு திறக்கப்பட்டதால் தரைவழியாக வர முடிந்தது என்றார். நான் மிக்க உற்சாகத்துடன் என் நூலகத்தைப் பற்றி விவரித்தேன்.

"போன வருசம் எத்தனை புத்தகம் துலைஞ்சது, பிள்ளை?" என்றார்.

"ஒன்றும் இல்லை, ஐயா" என்றேன், தலை நிமிர்ந்து.

"அப்ப ஒருத்தரும் வாசிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

எனக்கு முகம் சிவந்தது. சீர்காழியிற் பிறந்த இரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளை அவர் பின்னர் எடுத்துரைத்தார். நூல் காப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது முதலாவதன் சாரம். அவர் பணியாற்றிய நூலகத்தை அமைக்க ஆலோசனை கூறியவரும் அந்த இரங்கநாதனே. 1981 இல் அதே நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்து சாம்பலாயின. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அத்தனையும் இழந்த நூலகத்தின் மனிதர், ஒன்றும் இழவாத என்னைப் பார்த்து இரங்கினார் என்பதை உணர எனக்குப் பேருந்துப் பயணம் முழுவதும் தேவைப்பட்டது.

மறுவாரமே பூட்டுகளைக் கழற்றினேன். தலைமை ஆசிரியர், "குறைந்தால் உங்கள் சம்பளத்தில்தான்" என்றார். சம்மதித்தேன். பிள்ளைகளோ முதலில் தொடவே அஞ்சினர். லயத்துக் கூரை ஒழுகும், புத்தகம் நனைந்தால் அடி விழும் என்ற பயம். பொலித்தீன் பைகள் வாங்கி, ஒவ்வொரு புத்தகத்தோடும் ஒன்று கொடுத்தேன். பால் வெட்டச் செல்லும் தாய்மார்கள் சிலர், மாலையில் பிள்ளை உரக்க வாசிக்கக் கேட்பதாகக் கூறினர். ஒரு சிறுவன் பக்கங்கள் ஒட்டிப்போன கதைப் புத்தகத்தை நீட்டி, "டீச்சர், பைக்குள்ளயும் தண்ணி வந்திருச்சு" என்று விம்மினான். வெயிலில் உலர்த்தினோம். அது முன்பிருந்ததை விட இருமடங்கு தடித்துவிட்டது. அலுமாரிக் கதவு அதன் பின் சரியாகச் சாத்தவில்லை.

ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் பதினொரு புத்தகங்கள் குறைந்தன. பணத்தைக் கட்டினேன். கணக்கெடுக்க வந்தவர் அன்று என்னைப் பாராட்டவில்லை.

அதன் பின்னர் மேலும் இரு மகாநாடுகளுக்குச் சென்றேன். இரண்டிலும் தேநீர் வேளையில் அப்பெரியவரைத் தேடினேன். பதினொன்று என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் வந்திருக்கவில்லை.