துணுக்காய் வழியே கடலுக்கு

வன்னிப் பெருநிலத்திலே துணுக்காயை நாடிச் செல்வோர் கடலை நினைத்துச் செல்வதில்லை. கண்டி வீதியில் மாங்குளத்தில் மேற்கே திரும்பினால் காடும் வயலும் குளமுமாகவே வழி நீளுகின்றது. ஆயினும், துணுக்காய் அடுப்பில் வேகும் மீனுக்கும் கடலில் எரியும் எண்ணெய்க்கும் நெருங்கிய உறவுண்டு. அதனை அறியவே நாம் அவ்வீதியால் வெள்ளாங்குளம் சென்று, அப்பால் வடக்கே நாச்சிக்குடாக் கரையை அடைந்தோம்.

வழியில் சற்று விலகி வவுனிக்குளத்தையும் கண்டோம். குளத்து மீனவர்க்கு எண்ணெய்க் கவலை இல்லை. சிறு தோணியில் ஏறித் துடுப்பு வலித்தே வலை விடுகின்றனர். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவே அவர்தம் பெருஞ்செல்வம். குளத்து மீனில் மண்வாடை என்று முகஞ்சுளிப்போரும் உளர். அது மீனின் குற்றமன்று, புளியிலும் மிளகிலும் சிக்கனம் பிடிக்கும் சமையலின் குற்றம் என்பது எமது துணிபு.

கடற்கரையிலோ நிலைமை வேறு. நாரிழைப் படகின் பின்புறத்திலே வெளியிணைப்பு இயந்திரம். பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவதே வழக்கம். 2022ஆம் ஆண்டு எண்ணெய் கிடையாமற் படகுகள் மணலிற் கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில், 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. பிடிபட்ட மீனின் விலையில் எண்ணெய்ச் செலவைக் கழித்த பின்னரே பங்கு பிரிப்பர். ஆகவே இயந்திரம் வீணாகக் குடிக்கும் ஒவ்வொரு லீற்றரும் பிள்ளைகளின் கொப்பிக் காசிலும் அரிசிக் காசிலுமே குறைகின்றது.

இக்குடியைக் குறைக்க வழியுண்டா? உண்டு, அதுவும் காசு செலவில்லாத வழி. சுமையேற்றி நீரைக் கிழித்துச் செல்லும் படகின் வேகம் ஏற ஏற, அதற்கு வேண்டிய வலு ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயருகின்றது. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: வேகத்தைப் பத்திலொரு பங்கு குறைத்தால், அதே தூரத்துக்கு எண்ணெய் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மிச்சமாகும். ஒரு மணி நேரப் பயணம் ஏழு நிமிடமளவே நீளும். சிறு மீன்பிடிப் படகுகளுக்கு எண்ணெய் மிச்சப்படுத்தும் வழிகளைக் கூறி ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2012இல் வெளியிட்ட கைந்நூலும் வேகக் குறைப்பையே வற்புறுத்துகின்றது.

பின்னர் ஏன் விரைகின்றனர் என்று கேட்கலாம். கரையில் மீனைக் கூறி விற்கும்போது முந்தி வந்தவனுக்கே நல்ல விலை. வெயிலேறினால் ஐஸ் இல்லாத மீன் தளர்ந்துவிடும். எல்லை கடந்து வரும் இழுவைப் படகுகள் வலையை அறுத்துவிடுமோ என்ற அச்சம் வேறு. கரையிலிருந்து கொண்டு நிதானத்தைப் போதிப்பது எளிது. ஐஸ் பெட்டியும், கூடிப் பேசி விலை கூறும் சங்கமும் இருந்தாலன்றி அப்போதனை கடலில் எடுபடாது.

வேறு சிறு வழிகளும் உள. படகின் அடியிற் படியும் பாசியையும் சிப்பியையும் சுரண்டிக் கழுவுதல், நெளிந்த விசிறியைத் திருத்துதல், வேண்டாச் சுமையை இறக்குதல் என்பன அவை. பழைய இரண்டடிப்பு இயந்திரத்தில் எண்ணெயின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறுகின்றது; நான்கடிப்பு இயந்திரம் அவ்வாறு வீணாக்குவதில்லை. ஆனால் அதன் விலையும் பாரமும் அதிகம், பெற்றோலும் வேண்டும். போருக்குப் பின் 2009இன் பிற்பாடு வெறுங்கையோடு மீண்டு தொழிலைத் தொடங்கிய குடும்பங்களுக்கு அது எட்டாக் கனி.

பாய் மட்டும் எவர்க்கும் எட்டும். சோளகமும் வாடையும் முறை வைத்து வீசும் இக்கடலிலே பாட்டன்மார் பாய் விரித்தே தொழில் செய்தனர். இன்றும் காற்று ஒத்து வரும் நாளில் சிறு பாயொன்றை விரித்து, இயந்திரத்தின் வேகத்தைத் தணித்து வீடு திரும்பலாம். அதற்கு ஒரு கம்பும் சில முழத் துணியும் போதும்.