முப்பத்து மூன்று வயதில் அரிச்சுவடி



விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் யார் என்று கேட்டால், ராகேஷ் சர்மா என்று பட்டென்று சொல்லிவிடுவோம். போவதற்கு முன்னால் அவர் என்ன படித்தார் என்று யாராவது கேட்டதுண்டா?

1949-ல் பாட்டியாலாவில் பிறந்து, ஹைதராபாத்தில் வளர்ந்தவர். 1970-ல் விமானப்படை அதிகாரியானார். 1971 போரில் மிக்-21 விமானத்தில் 21 முறை பறந்தார். 1982-ல் சோவியத் நாட்டுடன் சேர்ந்து செல்லும் விண்வெளிப் பயணத்துக்குத் தேர்வானபோது வயது 33. அவரும், மாற்று வீரராகத் தேர்வான ரவீஷ் மல்ஹோத்ராவும் மாஸ்கோ அருகேயுள்ள நட்சத்திர நகரத்துக்குப் போனார்கள். அங்கே பயிற்சி முழுக்க ரஷ்ய மொழியில்! போர் விமானம் ஓட்டியவர் எழுத்துக்கூட்டிப் படிக்க உட்கார்ந்தார். விண்கலத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அகராதி புரட்டவா நேரமிருக்கும்?

இந்த இடத்தில்தான் அவர் எனக்கு நெருக்கமாகிவிட்டார்.

நான் திருவாதவூர்க்காரன். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். தமிழ் மீடியம். முதலாண்டு வாய்மொழித் தேர்வில் 'டென்சைல் ஸ்ட்ரெஸ்' என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். இழுவிசை, பரப்பு, வகுத்தல் எல்லாம் மனசுக்குள் வரிசையாக நிற்குது. வாய்தான் திறக்கவில்லை. "இதுகூடத் தெரியலையா?" என்றார்கள். தெரியும் சார், தமிழில் தெரியும்!

வீட்டில் சொன்னேன். வயல் வேலை முடிந்து வந்த அப்பா, "பாஷைதானடா, பழகிட்டா வந்துரும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ராகேஷ் சர்மா கதை அவருக்குத் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.

1984 ஏப்ரல் 3 அன்று பைக்கனூரிலிருந்து சோயூஸ் டி-11 கிளம்பியது. மாலிஷெவ், ஸ்ட்ரெகலோவ் என்ற இரு சோவியத் வீரர்களோடு நம்மவரும் சல்யூட்-7 நிலையத்துக்குப் போனார். எடையற்ற நிலையில் யோகா உதவுமா என்று சோதித்தார். நம் நாட்டை மேலிருந்து படமெடுத்தார். ஏப்ரல் 11-ல் திரும்பினார். அதே பாடத்தை அதே மொழியில் படித்த மல்ஹோத்ராவுக்குப் பறக்கும் வாய்ப்பு வரவில்லை. அதற்காக அவர் படிப்பு குறைந்துபோகுமா?

ராகேஷ் சர்மா ஓய்வுக்குப் பின் குடியேறியது நம்ம குன்னூரில். ககன்யான் திட்டத்துக்காக 2024-ல் அறிவிக்கப்பட்ட நான்கு விமானப்படை வீரர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அந்த நால்வரில் இன்னொருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே போய்விட்டு ஜூலையில் திரும்பினார்.

நண்பர்களே, நாம் எல்லோரும் வானத்துக்குப் போகப் போவதில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருக்கும் முதலாண்டுத் தம்பியிடம் போய் ஒரு பாடத்தைத் தமிழில் சொல்லி, பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுக்கலாம். மாலையில் அரை மணி நேரம் போதும். நான் தயார். நீங்கள்?

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்