கெட்டது எஞ்சின் இல்லை

போன கார்த்திகையில் கோபிப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் ஒரு நாற்றங்காலைப் பார்க்கப் போயிருந்தேன். காரை வரப்போரம் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பின்சீட்டில் ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தேன். வயல்காரர் வந்து கதவின் மேல் கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. நாடி பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"ஏனுங்க சார், வண்டி இந்த நடுங்கு நடுங்குதே, எத்தன நாளா?"

"ஆறு மாசமா இருக்குங்கண்ணா. எஞ்சின் போயிருச்சுங்கறாங்க. வித்துரலாம்னு இருக்கேன்."

"சத்தம் சீராத்தானுங்க இருக்குது. எஞ்சின் போனாச் சத்தத்துலயே தெரியும். அது உக்காந்திருக்கற எடத்தப் பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்குக் காரணம் உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே மனிதருடைய கிணற்று மேட்டில் 5 குதிரைத்திறன் ஆயில் எஞ்சின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தரையே அதிரும் அளவுக்கு ஆட்டம். "என்னங்க சார் செய்யலாம்?" என்று கேட்டார். வரப்பில் நின்றபடியே, "போர் தேஞ்சிருக்கும், இறக்கி வேலை பாத்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு ஆடுகளை விற்று வேலை பார்த்திருக்கிறார். எஞ்சின் திரும்பி வந்து அதே ஆட்டம் ஆடியது. கடைசியில் பார்த்தால், கான்கிரீட் மேடையில் ஒரு மூலை உடைந்து, அடிப்போல்ட் இரண்டு பிடிப்பில்லாமல் நின்றிருக்கின்றன. மேடையைக் கொத்திப் புதிதாகப் போட்டதும் சரியாகிவிட்டது. அவர் இதை என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லித்தான் தெரியும். பயிரைப் படித்தவன் நான். வேளாண் பொறியியல் துறையில் ஆள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு ரொம்ப நாள் அந்தத் தோட்டத்து வழியே போவதைத் தவிர்த்தேன்.

இப்போது என் கதையும் அதேதான். என்னுடையது 2007இல் வாங்கிய மாருதி 800. பட்டறையில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எஞ்சினை இறக்க வேண்டும், 18 ஆயிரம் ஆகும் என்றார்கள். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நானும் வரப்பில் நின்றுதானே சொன்னேன்!

அன்றைக்கே அவருடைய களத்தில் வைத்துப் பார்த்தோம். கை பிரேக்கை முழுதாக இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைத் துளி அளவு மட்டும் விட்டேன். மூடியைத் திறந்து வைத்து அவர் பக்கவாட்டில் நின்று பார்த்தார். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது. பிடிப்பு நன்றாக இருந்தால் எஞ்சின் கொஞ்சம்தான் அசையும். என்னுடையது நாலு விரற்கடை எழும்பி உட்கார்ந்தது. ரிவர்ஸில் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. "பாத்தீங்களா, கட்டுத்தறி அத்த மாடாட்டம் எந்திரிக்குது" என்றார்.

காரின் எஞ்சின் இரும்பின் மேல் நேராக உட்காருவதில்லை. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டிச் செய்த மவுண்டிங்குகள் அதைத் தாங்குகின்றன. என் வண்டியில் மூன்று. எடையைச் சுமப்பது, எஞ்சின் முறுக்கிக்கொள்ளாமல் பிடிப்பது, அதிர்வு வண்டிக்குள் வராமல் வாங்கிக்கொள்வது என்று மூன்று வேலை அவற்றுக்கு. 796 சிசி, 3 சிலிண்டர் எஞ்சினில் கடைசி வேலை கூடுதல். மூன்று பிஸ்டனும் மாறி மாறி ஏறி இறங்கும்போது மேல்கீழ் விசை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போனாலும், அவை ஒரே இடத்தில் இல்லாததால் எஞ்சினின் ஒரு முனை எழும்ப மறுமுனை தாழும். ஏற்றம் மிதித்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆட்டம் புரியும். புது வண்டியிலேயே இது கொஞ்சம் இருக்கும். ரப்பர் போய்விட்டால் முழுதும் நம் உள்ளங்கைக்கு வந்துவிடும்.

ஸ்பார்க் பிளக் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் வண்டி நடுங்கும். அதை முதலில் பார்த்துவிட வேண்டும். அப்போது சத்தம் ஒரு துடிப்பு விட்டு விட்டு வரும், இழுவையும் குறையும். சத்தம் சீராக இருந்து, வண்டி நிற்கும்போது நடுக்கம் அதிகமாகி, வேகம் எடுத்தால் குறைந்து, கியர் மாற்றும்போதும் கிளட்ச் விடும்போதும் 'டொக்'கென்று ஒரு இடி இடித்தால் சந்தேகம் மவுண்டிங் மேல் போக வேண்டும். டிராக்டரில் போய் இதைத் தேடாதீர்கள். பெரும்பாலான டிராக்டர்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் நேராகப் பிணைந்து அதுவே வண்டியின் முதுகெலும்பாக இருக்கும்.

மூன்று மவுண்டிங்கும் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பஸ் பிடித்து என் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் சிமென்ட் தளம், சமமான இடம். முந்தின ராத்திரியே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தேன். எஞ்சின் ஆறியிருந்தது, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியாயிற்று, பின்சக்கரங்களுக்கு இரு பக்கமும் அண்டக் கொடுத்தாயிற்று. அடியில் போக வேண்டிய பக்கம் வண்டியைத் தூக்கி, முட்டுக்கொடுக்க ஹாலோ பிளாக் கல் நான்கு தயாராக வைத்திருந்தேன். அவர் வந்ததும் செய்த முதல் காரியம், அந்தக் கல்லில் ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் மேல் போட்டதுதான். இரண்டாகப் பிளந்தது.

"இத நம்பியா சார் தலையக் குடுக்கறீங்க? வீட்டுல புள்ளைங்க இருக்கறாங்கல்ல?"

என் மனைவி வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்விட்டாள். டயர் கடைக்குப் போய் இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்கி வந்த பிறகுதான் வேலை தொடங்கியது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்டு. இது இரண்டும் இல்லாதவர்கள், மண் தரையில் நிறுத்துகிறவர்கள், வீட்டில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

எஞ்சினைத் தாங்க இன்னொரு ஜாக்கி. ஆயில் தொட்டியின் தகடு மெலிது, ஜாக்கியின் தலை நேராகப் பட்டால் குழிந்துவிடும். அதனால் அகலமான பலகை ஒன்றை நடுவில் கொடுத்தோம். மவுண்டிங் மேலுள்ள பாரம் இறங்கும் அளவுக்குத்தான் தூக்க வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் ஓஸ்களும் ஒயர்களும் இழுபடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மவுண்டிங்கைத்தான் கழற்ற வேண்டும், மற்ற இரண்டும் பிடித்தபடியே இருக்கட்டும். அப்போதுதான் எஞ்சின் இடம் மாறாது, புதிதின் துளைகளும் நேராகப் பொருந்தும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே கைவிரலை விடாதீர்கள்.

முதலில் கழற்றியதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து, நடுவில் சுண்டு விரல் போகும் அளவுக்கு வெடிப்பு. மேலெல்லாம் ஆயில் பிசுக்கு. டேப்பட் கவர் பேக்கிங் கசிந்து, சொட்டுச் சொட்டாக அதன் மேலேயே விழுந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் வடிக்கிறார்களே, அந்த இயற்கை ரப்பருக்கு இழுவையும் தாங்கும் சக்தியும் நிறைய, ஆனால் எஞ்சின் ஆயில் ஆகாது. ஊறி உப்பிப் பிசுபிசுத்துவிடும். ஆகவே கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் போடுவது, தண்ணீர் தேங்கும் வயலில் வடிகால் எடுக்காமல் உரம் போடுவது போலத்தான். பேக்கிங்கையும் மாற்றினோம்.

மத்தியானத்துக்குள் மூன்றும் ஏறிவிட்டன. எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். நடுக்கம் பாதிதான் குறைந்திருந்தது. முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர்தான், "எப்ப முறுக்குனீங்க?" என்று கேட்டார். ஜாக்கி தாங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் நான் இறுக்கியிருந்தேன். பாரம் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்த்தி, ஜாக்கியை இறக்கி, எஞ்சினைத் தன் எடையில் உட்காரவிட்டு, இரண்டு தட்டு அசைத்து, பிறகு இறுக்கினோம். இறுக்கும் அளவு ஒவ்வொரு வண்டிக்கும் வேறு, வண்டியோடு வந்த புத்தகத்தையோ தெரிந்த மெக்கானிக்கையோ கேட்டுக்கொள்ள வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் உள்ளே திரவம் அடைத்த மவுண்டிங் வருகிறது. விலையும் அதிகம், வேலையும் வேறு. அதைப் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் முறை ஸ்டார்ட் செய்தபோது, டேஷ்போர்டு மேல் வைத்திருந்த டீ டம்ளரில் அலை இல்லை.

சாப்பிட்டுவிட்டு அவரை ஊர் கொண்டுபோய் விட்டேன். வாய்க்கால் பாலம் தாண்டும்போதுதான், அந்த ஆயில் எஞ்சின் விஷயத்தை நானாக எடுத்தேன். நான்கு ஆட்டுக் கணக்கையும் சொன்னேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"அஞ்சு ஆடுங்க சார்" என்றார்.

தோட்டத்து வாசலில் இறங்கியவர், பின்சீட்டில் கிடந்த பழைய மவுண்டிங்குகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார். மோட்டார் ரூம் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்கிறதாம், அண்டக் கொடுக்க ஆகும் என்றார்.