தூரமும் வழியும்

இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தூரம் யாது என்று வினவுவார்க்குப் பூகோள நூலார் ஓர் எண்ணை விடையாகக் கூறுவர். அவ்வெண் என்றும் மாறுவதில்லை. ஆயின், அவ்வூர்களுக்கு இடையே செல்லும் வழி யாது என்று வினவின், ‘எந்த ஆண்டில்?’ என்று அவர் நம்மைத் திரும்ப வினவுதல் வேண்டும். நிலத்திற் செல்வார்க்கு மலையும் ஆறும் தடையாம். வானிற் செல்வார்க்கு அவை தடையல்ல. ஆதலின் அவர் நேரே சென்று சேர்வர் என்றே யாவரும் எண்ணுகின்றோம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி விமான நிலையத்துக்கும், ஜப்பானியத் தலைநகராகிய டோக்கியோவுக்குரிய நரிட்டா விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட வழியின் வரலாற்றைப் படித்தபின், அவ்வெண்ணம் எம்மை விட்டு நீங்கிற்று.

முதற்கண் தூரத்தைக் காண்போம். எம் கல்லூரியிற் பூகோள உருண்டை ஒன்று உளது. அதன்மேல் இவ்விரண்டு ஊர்களையும் இணைத்து ஒரு நூலை இழுத்துப் பிடித்தோம். டோக்கியோ ஹெல்சிங்கிக்கு இருபத்துநான்கு பாகைக்கு மேல் தெற்கே உள்ளது. ஆயினும் நூல் தெற்கு நோக்காது, வடகிழக்காகப் புறப்பட்டு, வடதுருவ வட்டத்தைச் சிறிதே கடந்து, பின்னர்ச் சைபீரியப் பெருநிலத்தின் குறுக்கே வளைந்து இறங்கிற்று. தட்டையான படத்தில் மட்டும் பழகிய கண்ணுக்கு இது வியப்பையே தரும். விடுதியில் எம் அறையிற் பயிலும் கணித மாணவர் ஒருவர், “புலவருக்கு வானத்தில் என்ன வேலை ஐயா?” என்று நகையாடிக்கொண்டே, கோள முக்கோணக் கணக்கால் அத்தூரத்தை ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர் என வகுத்துத் தந்தார். கடற்படத்திற் கோலை வைத்துக் கிழித்த நேர்கோட்டின் வழியே சென்றால் அதனினும் 950 கிலோமீட்டர் அளவு மிகுதியாகும் என்றும் அவரே காட்டினார். படத்தில் நேராகத் தோன்றுவது உலகில் வளைவு; படத்தில் வளைவாகத் தோன்றுவதே உலகிற் குறுக்குவழி.

ஆயின் அக்குறுக்குவழியின் பெரும்பகுதி ஒரே அரசின் வானத்தில் அமைந்தது. தன் நிலத்தின் மேலுள்ள வானம் தனக்கே உரித்தென்பது 1944-ம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கை ஏற்ற கொள்கை. பனிப்போர்க் காலத்திற் சோவியத்து அரசு சைபீரிய வானத்தை அயலார் விமானங்களுக்கு எளிதில் திறக்கவில்லை. அதனால் 1957-ம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து துருவத்தின் வழியாக அலாஸ்காவிலுள்ள ஆங்கரேஜ் சென்று, அங்கிருந்து டோக்கியோவை அடையும் வழியைத் தொடங்கிற்று. ஐரோப்பாவினின்று ஜப்பான் செல்வோர் அமெரிக்க மண்ணில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டனர்! 1983-ம் ஆண்டு ஏப்ரலில் பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் எங்கும் இறங்காமலே ஹெல்சிங்கியினின்று டோக்கியோவுக்குப் பறந்தது. துருவத்தின் மேலாகச் சென்று, சோவியத்து எல்லையைத் தொடாமற் பெரிங் நீரிணையைக் கடந்து, பசிபிக் கடலின்மேல் இறங்கி வரும் வழி அது. உருண்டையின்மேல் நூலை அவ்வாறு வைத்து அளந்தோம்: துருவம் வரை 3,300, அங்கிருந்து நீரிணை வரை 2,700, அதன்பின் டோக்கியோ வரை 4,600 என 10,600 கிலோமீட்டர் ஆயிற்று. விமானம் சென்றதோ அதனினும் சற்று வளைந்த வழி. பயணம் ஏறக்குறைய 13 மணி நேரம்.

எல்லையை ஒட்டிச் செல்வது எத்துணை இடர்ப்பாடுடையது என்பதை அவ்வாண்டே உலகுக்குக் காட்டிற்று. 1983-ம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் புறப்பட்ட கொரிய விமானம் ஒன்று சிறிது சிறிதாக வழி விலகிக் கம்சாட்காவின் மேலும் சகாலின் தீவின் மேலும் சென்றது. சோவியத்துப் போர்விமானம் அதனைச் சுட்டு வீழ்த்திற்று. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். தானே இயங்கிச் செலுத்தும் பொறி வழிகாட்டும் கருவியோடு இணைக்கப்படாமல், திசைகாட்டியின் ஒரே திசையைப் பற்றிச் சென்றதே விலகலுக்குக் காரணம் என்று 1993-ம் ஆண்டின் அனைத்துலக ஆராய்ச்சி முடிவு செய்தது. புறப்பட்ட இடத்தில் அவ்விலகல் மிகச் சிறிது. சென்ற தொலைவு அதனைப் பெரிதாக்கிற்று. வழி விலகுதல் ஒரு குற்றமாயின், அதற்கு ஈடாக உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகளின் உயிரைக் கொள்வது எந்நாட்டு நீதி? இப்பகுதியைப் படித்த இரவில் எமக்கு நெடுநேரம் துயில் கூடவில்லை.

அதன்பின் காலம் மாறிற்று. சோவியத்து வானம் படிப்படியே திறந்தது. அவ்வரசு 1991-ம் ஆண்டு மறைந்தபின் குறுக்குவழியே பெருவழியாயிற்று. பயணம் ஒன்பது பத்து மணி நேரமாகக் குறைந்தது. ஐரோப்பாவுக்கும் கீழ்த்திசைக்கும் இடையே ஹெல்சிங்கியே கிட்டிய வாயில் என்று கூறி, ஃபின்னேர் நிறுவனம் தன் வாணிகத்தை அவ்வழியின்மேல் வளர்த்துக்கொண்டது.

2022-ம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மேற் படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் தம் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு அடைக்க, ரஷ்யாவும் தன் வானத்தை அவர்களுக்கு அடைத்தது. மார்ச்சுத் திங்களில் ஃபின்னேர் விமானங்கள் மீண்டும் துருவத்தின் மேலாக டோக்கியோ சென்றன. பயணம் 13 மணி நேரம். முப்பத்தொன்பது ஆண்டுகளிற் பொறிகள் எத்துணையோ திருந்தின. மூன்று பொறிகள் செய்த வேலையை இரண்டு செய்கின்றன. ஆயினும் நேரம் பழைய நேரமே! துருவ வழியிற் செல்வோர்க்கு 1983-ம் ஆண்டிற் போலவே 2022-ம் ஆண்டிலும் ஒரு நற்சான்றுத் தாள் வழங்கினர் என்று படித்தோம். பயணிகள் அதனை மகிழ்ந்தே பெற்றிருப்பர். எமக்கோ அத்தாள் போரின் கணக்குச் சீட்டாகவே தோன்றிற்று.

துருவ வழியே அன்றித் தெற்கு வழியும் ஒன்று உண்டு. அது கருங்கடற் பக்கமாக இறங்கி, காக்கேசிய நாடுகளையும் காஸ்பியன் கடலையும் கடந்து, கசகஸ்தானும் சீனமும் கொரியாவும் தாண்டிச் செல்வது. உயர வானில் மேற்கினின்று கிழக்கே வீசும் கடுங்காற்றின் நிலையை நோக்கி, இவ்விரண்டனுள் ஒன்றை அவ்வந்நாளிற் கொள்வர். போகும்போது தெற்கு வழியும் மீளும்போது வடக்கு வழியும் ஒருவர்க்கு வாய்க்குமாயின், அவர் ரஷ்யப் பெருநிலம் முழுவதையும் ஒருமுறை சுற்றிவந்தவர் ஆவர்.