பென்சில் இல்லாமல் படிக்கச் சில கதைகள்

ஐதராபாத்தில் மொழியியல் ஆய்வு செய்துவரும் ஒருவர், தம் முனைவர் பட்டப் படிப்பின் மூன்றாம் ஆண்டில், ஒரு நாவலைப் பாதியில் மூடி வைத்தார். நாவல் மோசமானதன்று. முதல் ஐம்பது பக்கங்களின் ஓரங்களில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட பென்சில் குறிகள் இருந்தன: இங்கே மொழிக்கலப்பு, இங்கே ‘நீங்கள்’ என்பது ‘நீ’ என்று இறங்குகிறது, இங்கே வட்டார வினைமுற்று. இவ்வளவையும் குறித்தவர், கதைநாயகியின் தந்தை இறந்துவிட்டதைக் கவனிக்கவில்லை. பல பக்கங்கள் கழித்து ஒரு பாத்திரம் திதியைப் பற்றிப் பேசியபோதுதான், யாருக்குத் திதி என்று பின்னோக்கிப் புரட்டினார்.

ஆய்வு மாணவர்களிடையே இது அரிய நோயன்று. பனுவல் தரவாக மாறிவிடுகிறது. பிறகு தரவல்லாத எதுவும் கண்ணில் படுவதில்லை. சமூகவியலாருக்கு ஒவ்வொரு சிறுகதையும் களப்பணிக் குறிப்பு. வரலாற்றாருக்கு ஒவ்வொரு நாவலும் ஆவணக் காப்பகத்தின் நீட்சி. மேற்கோளாகப் பயன்படாத புத்தகத்தைக் கையில் எடுப்பதற்கே ஒரு குற்றவுணர்வு.

அந்த வாரத்தில்தான் விடுதியில் முதுகலை படிக்கும் தமிழ் மாணவி ஒருத்தி அவரிடம் கேட்டாள்: “அக்கா, லீவுக்கு ஊருக்குப் போறேன். சிலபஸ்ல இல்லாத கதைப் புக்கா நாலு சொல்லுங்க. அழுகாச்சி மட்டும் வேண்டாம்.” அந்த நாலு பின்பு எட்டாயிற்று. எழுதி முடித்துப் பார்த்தபோது, அதில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே சிறிய, சுயேச்சையான பதிப்பகங்களின் நூல்கள். கொள்கை எதுவும் வைத்துத் தேர்ந்தெடுத்ததன்று. துப்பறியும் கதை, பேய்க்கதை, அறிவியல் புனைகதை எனத் தேடிப் போனால் இந்தியாவில் சேரும் இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது.

பட்டியலின் தொடக்கம் ஆபிட்ஸ். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்க, அவற்றின் முன்னால் நடைபாதையில் பழைய புத்தகங்கள் விரிக்கப்படும் அந்தத் தெருவில், பொறியியல் நுழைவுத் தேர்வு வழிகாட்டிகளுக்கு நடுவே அவருக்குக் கிடைத்தது, சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் வெளியிட்ட தமிழ் வெகுசனப் புனைகதைத் தொகுப்பு. பிரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், இந்திரா சௌந்தர்ராஜன், ரமணிசந்திரன் எனப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களின் உலகம் முழுவதும் அதற்குள். இரண்டாம் தொகுதி 2010இலும் மூன்றாம் தொகுதி 2017இலும் வந்தன.

தமிழில் படிக்கக்கூடியவர் இவற்றை ஏன் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. மூலத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் பேசும் வாக்கியத்தில் பாதிச் சொற்கள் ஆங்கிலம். அந்த ஆங்கிலம்தான் அவருடைய அதிகாரம், படிப்பு, மிடுக்கு எல்லாம். ஆங்கிலத்தில் பெயர்த்தவுடன் கலப்பு மறைந்து போகிறது. எல்லாமே ஆங்கிலமாகிவிட்டபின் எந்தச் சொல் மிடுக்கானது? ‘டா’வும் ‘ங்க’வும் போனபின் யார் யாருக்கு அடங்கியவர்? இங்கேதான் பென்சில்காரருக்கு ஒரு விடுதலை கிடைத்தது. குறிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாததால், கொலையாளி யார் என்று அறிய அவர் பக்கத்தைத் திருப்பினார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்புகளை ஆங்கில வாசகர்கள் சிலர் கையில் எடுக்கும் விதத்தில் ஒரு மெல்லிய நகை இருக்கிறது: அட்டையின் துப்பாக்கிப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே வாங்குகிறார்கள். அந்தக் கதைகளை இரவுப் பேருந்தில் படித்தவர்கள் சிரிக்கவில்லை. தொகுப்பாளர்கள் எழுத்தாளர்களை மதிப்புடனேயே அறிமுகப்படுத்துகிறார்கள். நகை வாசிப்பறையில் சேர்ந்துகொள்வது.

அந்த நகைக்கு மருந்து இப்னே சஃபியின் துப்பறியும் நாவல்கள். 1952இல் அலகாபாத்தில் ‘ஜாசூசி துனியா’ வரிசையைத் தொடங்கி, அதே ஆண்டு பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்து, 1980இல் இறக்கும்வரை எல்லையின் இருபுறமும் படிக்கப்பட்டவர். இந்திப் பதிப்புகளில் அவருடைய கர்னல் ஃபரீதி, கர்னல் வினோத் ஆகிவிட்டார். ஒரு பெயர் மாற்றத்தில் அடங்கியிருக்கும் உருது–இந்தி வரலாற்றை எழுத ஓர் ஆய்வேடு போதாது. இவ்வரிசையில் நான்கு நாவல்களைப் பிளாஃப்ட் 2011இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. மொழிபெயர்த்தவர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. மீர் தகி மீரின் கவிதைகளுக்கு நான்கு தொகுதி விளக்கம் எழுதி சரஸ்வதி சம்மான் பெற்ற அதே ஃபாரூக்கிதான். உருதுத் திறனாய்வின் உச்சியில் இருந்தவர், நச்சு அம்பும் சிரிக்கும் பிணமும் வரும் கதைகளுக்கு உட்கார்ந்து உழைத்திருக்கிறார். வெகுசன இலக்கியம் ஆய்வுக்கு உகந்ததா என்று கருத்தரங்குகளில் இன்னும் கேட்பவர்களிடம் இந்த நூல்களைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

அறிவியல் புனைகதைக்கு வந்தால், பட்டியலில் முதலில் இருப்பது புதிய நூலன்று. ரொக்கேயா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் வெளியானது. வங்கத்துப் பெண் ஆங்கிலத்தில் எழுதியதை அச்சிட்டது, கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய மகளிர் இதழ். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைக் கொண்டு நாட்டைக் காக்கும் கதை. நூறாண்டுகள் கழித்து, கோண்டு ஓவியர் துர்கா பாயின் படங்களுடன் சென்னையின் தாரா பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. சிற்றிதழிலிருந்து சிறு பதிப்பகத்துக்கு, அதே ஊருக்குள், ஒரு நூற்றாண்டுப் பயணம்.

புதியது என்று உண்மையிலேயே சொல்லத்தக்கது, 2024இல் பிளாஃப்ட் வெளியிட்ட சாதி எதிர்ப்பு அறிவியல் புனைகதைத் தொகுப்பு. இந்திய ஆங்கில அறிவியல் புனைவு விண்கலம் ஏறியது, காலத்தைக் கடந்தது, இராமாயணத்தையும் திருத்தி எழுதியது. கடைசியாகச் சொன்னதற்கு ஜுபான் பதிப்பகம் 2012இல் கொண்டுவந்த ‘பிரேக்கிங் தி போ’ நல்ல சான்று. ஆனால் விண்கலத்தின் கழிவறையை யார் கழுவுகிறார்கள் என்ற கேள்வி வெகுகாலம் எழவேயில்லை. கலப்பணியாளரின் குலப்பெயரைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். சாதி பழைமையின் எச்சம், எதிர்காலத்தில் தானாக உதிர்ந்துவிடும் என்னும் நம்பிக்கை அவ்வகைக் கதைகளின் பேசப்படாத இலக்கணமாக இருந்தது. இந்தத் தொகுப்பு அந்த இலக்கணத்தைத்தான் உடைக்க முனைகிறது. எல்லாக் கதைகளும் ஒரே தரத்தில் இல்லை. சிலவற்றில் கருத்து கதைக்கு முன்னால் ஓடிவிடுகிறது. இருந்தும், முதலில் படிக்க வேண்டிய ஒன்றைக் கேட்டால் அவர் இதைத்தான் சொல்கிறார்.

பேய்க்கதைக்கு நபாருண் பட்டாச்சார்யாவின் ‘ஹர்பர்ட்’. 1993இன் வங்க நாவல், சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கொல்கத்தாவின் சீகல் பதிப்பகத்துக்காகச் சுனந்தினி பானர்ஜி ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். இறந்தவர்களோடு உரையாடுவதாகச் சொல்லிப் பிழைக்கும் ஒரு கல்கத்தாக்காரனின் கதை. முடிவில் என்ன வெடிக்கிறது என்பதை இங்கே சொல்வது அறமன்று.

ஹான்ஸ்தா சோவேந்திர சேகரின் ‘தி ஆதிவாசி வில் நாட் டான்ஸ்’, தில்லியின் ஸ்பீக்கிங் டைகர் 2015இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பு. அரசு மருத்துவரான அந்தச் சந்தாலி எழுத்தாளரின் நூலுக்கு 2017 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் அரசு தடை விதித்தது. அவர் பணியிடை நீக்கமும் செய்யப்பட்டார். டிசம்பரில் தடை நீங்கியது. சர்ச்சையை அறிந்தவர்களில் கதைகளைப் படித்தவர்கள் குறைவு. அழுகாச்சி வேண்டாம் என்ற நிபந்தனையை இந்நூல் மீறுகிறது. ஆனாலும் பட்டியலில் இருக்கிறது. குழலி மாணிக்கவேலின் குறுங்கதைகளை எந்த வகைமையில் சேர்ப்பது என்று புரியாமல் கடைசியில், தனி வரியில் எழுதியிருக்கிறார்.

பட்டியல் எழுதுவது எளிது, புத்தகம் கிடைப்பதுதான் கடினம். சிறு பதிப்பகத்தின் ஓர் அச்சு தீர்ந்தால் அடுத்த அச்சு எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. பதிப்பகத்தின் தளத்தில் நேரடியாகக் கேட்பது முதல் வழி. விடுதியில் நால்வர் சேர்ந்து ஒரு பிரதி வாங்குவது இரண்டாவது. அவர் மூன்றாவது வழியையும் முயன்றார்: துறை வழியாக நூலகத்துக்குக் கொடுக்கும் பரிந்துரைப் படிவம். ஆய்வு மாணவர்கள் பலர் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

எட்டுப் புத்தகங்களையும் எழுதிக் கொடுத்த படிவம் இரண்டு நாளில் திரும்பி வந்தது. ‘எந்தப் பாடத்துக்கு’ என்ற கட்டம் காலியாக இருந்ததாம். அதில் தம் ஆய்வேட்டின் தலைப்பையே எழுதி அவர் மறுபடியும் கொடுத்தார். முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது. புத்தகங்கள் வந்தால் பென்சிலை அறையில் வைத்துவிட்டு வந்து படிப்பதாக அந்த மாணவியிடம் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.